பதினான்கு பேர் ஆன பிறகும் எல்லா முடிவும் என்னிடமே வந்து நிற்கிறது: என்ன செய்யலாம்?

கருங்கல் வற்றல்காரி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கருங்கல்லுக்குப் பக்கத்தில் ஏத்தங்காய் வற்றலும் (நேந்திரங்காய் சிப்ஸ்) சர்க்கரை உப்பேரியும் (வெல்லப்பாகு பூசிய வாழைக்காய்த் துண்டு) போட்டு விற்கும் தொழிலை ஆறு ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். வீட்டுப் பின்கட்டில் நானும் மூன்று பெண்களும் மட்டுமே இருந்த காலத்தில் யாரும் யாருக்கும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. காய் சீவுகிறவர் தலை நிமிர்ந்தாலே எண்ணெய் காய்ந்துவிட்டதா என்று தெரிந்துவிடும்; அடுப்பில் நிற்பவர் கையை நீட்டினால் உப்புத் தண்ணீர்ச் செம்பு கைக்கு வந்துவிடும். இப்போது பதினான்கு பேர் இருக்கிறார்கள், தனிக் கொட்டகை இருக்கிறது, மூன்று அடுப்பு எரிகிறது, நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் வாரத்தில் நான்கு நாள் வண்டி போகிறது. ஆனால் எண்ணெய் டின் வாங்குவதிலிருந்து யாருக்கு அரை நாள் விடுப்பு என்பது வரை ஒவ்வொன்றும் என் வாயிலிருந்து வந்தால்தான் நடக்கிறது.

போன ஓணத்துக்கு முந்தைய வாரத்தில் நடந்த ஒன்றைச் சொன்னால் நிலைமை விளங்கும். காலை பத்து மணியளவில் மூன்றாவது சீனச்சட்டியில் எண்ணெய் கறுத்து, நுரை அடங்காமல் நின்றதை மாஸ்டர் பார்த்திருக்கிறார். முப்பது ஆண்டு அடுப்பில் நின்றவர். உப்புத் தண்ணீர் விட்டதும் எழும் சடசடப்பு அடங்குவதைக் காதால் கேட்டே வற்றலை அரித்தெடுப்பவர். அந்த எண்ணெய் இனி ஆகாது என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. பக்கத்தில் நின்ற பெண்ணிடம், "அக்கா வரட்டும்" என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்து போட்டிருக்கிறார். நான் அப்போது திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவில் பழைய பாக்கியை வசூல் செய்துகொண்டிருந்தேன். கைபேசி பைக்குள் கிடந்தது. மாலை நான்கு மணிக்கு நான் திரும்புவதற்குள் 90 கிலோ அந்த எண்ணெயிலேயே பொரிந்து, ஆறி, பொட்டலமும் ஆகியிருந்தது. மூன்றாம் நாள் கடைக்காரர் காறல் வாடை அடிக்கிறது என்று எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிவிட்டார்.

ஏன் எண்ணெயை மாற்றவில்லை என்று கேட்டதற்கு, "கிலோ நானூறு ரூபாய்க்கு மேல் விற்கிற எண்ணெய், நான் ஊற்றிவிட்டால் யார் பதில் சொல்வது?" என்றார். நான் ஒருவர் கூலியிலும் இதுவரை ஒரு ரூபாய் பிடித்ததில்லை. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு ஒரு டின் சாய்ந்து கொட்டியபோது எல்லார் முன்னிலையிலும் அவரைக் கடிந்துகொண்டது எனக்கு நினைவுக்கு வந்தது. அவர் அதை மறந்திருக்கவில்லை போலும்.

இதைச் சரிசெய்யலாம் என்று, மேலாண்மை படித்த என் வீட்டுக்காரரின் அக்காள் மகனை மேற்பார்வைக்கு வைத்தேன். அவன் வருகைப் பதிவேடு எழுதுகிறான். மாஸ்டர் அவனிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இருவரும் தனித்தனியே என்னிடம்தான் வருகிறார்கள். ஆளைச் சேர்த்தும் என் வேலை கூடித்தான் இருக்கிறது. அடுத்த ஓணத்துக்கு இன்னும் ஆறு பேரைச் சேர்க்க வேண்டியிருக்கும். அதற்குள் இந்தக் கூட்டத்தை ஒரு குழுவாக்குவது எப்படி என்று அனுபவப்பட்டவர்கள் சொல்ல வேண்டும்.

கோணம் பட்டறை

சகோதரி, உங்கள் மாஸ்டர் துணிச்சல் இல்லாதவர் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் சரியாகக் கணக்குப் போட்டிருக்கிறார். எண்ணெயை ஊற்றினால் கேள்வி அவரை நோக்கி வரும், ஊற்றாமல் காத்திருந்தால் கேள்வி உங்களை நோக்கி வரும். இந்த நிலையில் யாராக இருந்தாலும் காத்திருக்கத்தான் செய்வார்கள்.

நான் கோணம் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். முப்பந்தல் பக்கத்துக் காற்றாலைகளுக்கு உதிரி பாகங்கள் கடைந்து கொடுக்கிறோம். பல ஆண்டுகளுக்கு முன் எனக்கு ஒரு அறுவைச் சிகிச்சை நடந்து ஒன்பது நாள் பட்டறைக்குப் போக முடியாமல் இருந்தபோது, முந்நூறு ரூபாய் பெறுமான வெட்டு முனை ஒன்று உடைந்ததற்காக ஒரு இயந்திரம் நான்கு நாள் சும்மா நின்றது. கடை கூப்பிடு தூரத்தில் இருந்தது, கல்லாவில் பணமும் இருந்தது, வாங்கலாம் என்று சொல்லத்தான் ஆள் இல்லை. படுக்கையில் இருந்தபடி எனக்கு வந்த கோபம் அவர்கள் மேல்தான். எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகுதான், அப்படிக் காத்திருக்கப் பழக்கியவன் நானே என்று புரிந்தது.

அதன் பிறகு சுவரில் பெயின்டால் மூன்று பத்தி எழுதினேன். முதல் பத்தியில் இருப்பதைக் கேட்காமலே செய்யலாம், சொல்லவும் வேண்டாம். இரண்டாவதில் இருப்பதைச் செய்துவிட்டு மாலைக்குள் சொன்னால் போதும். மூன்றாவதில் இருப்பதை மட்டும் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும். இரண்டாயிரம் ரூபாய் வரையான பொருள் வாங்குவதை இரண்டாவது பத்தியில் வைத்தேன். முதல் மாதமே ஒருவர் தவறான அளவில் பேரிங் வாங்கி வந்தார், கடைக்காரர் திருப்பி எடுக்கவில்லை. அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டு இருந்ததுதான் இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் கடினமாக இருந்த பகுதி. அன்று ஒரு சொல் சொல்லியிருந்தால் சுவரில் எழுதியதெல்லாம் வெறும் பெயின்டாகியிருக்கும்.

எண்ணெய் விஷயத்தில், "உங்கள் விருப்பப்படி செய்யுங்கள்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது உரிமை கொடுப்பது போலத் தோன்றும், உண்மையில் பழியை இடம் மாற்றுவதுதான். எந்த அடையாளம் தெரிந்தால் எண்ணெய் வெளியே போக வேண்டும் என்பதை மாஸ்டரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்: நிறம், நுரை, புகை. இதில் சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. பொரித்த எண்ணெயில் மொத்த போலார் சேர்மங்கள் (எண்ணெய் திரும்பத் திரும்பக் காய்வதால் உண்டாகும் சிதைவுப் பொருட்கள்) 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்ற உணவுப் பாதுகாப்பு விதி 2018 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதைப் பார்ப்பதற்கான சோதனைப் பட்டைகள் விற்கின்றன. பட்டை நிறம் மாறினால் ஊற்றலாம் என்று ஆகிவிட்டால், பதில் சொல்ல வேண்டியது பட்டைதான், மாஸ்டர் இல்லை.

ஆட்களின் எண்ணிக்கையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நான்கு பேர் இருக்கும் இடத்தில் இருவர் இருவராகப் பேசிக்கொள்ள ஆறு வழிகள்தான் உண்டு; பதினான்கு பேர் என்றால் அது 91 ஆகிவிடும். பின்கட்டுக் காலத்தின் புரிதல் போய்விட்டதே என்று நீங்கள் வருந்துவதில் மனிதர்களின் குற்றம் பாதிகூட இல்லை, மீதி இந்தக் கணக்குத்தான். ரிங்கல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்க வைத்து அளந்து 1913-இல் வெளியிட்ட ஆய்வில், எட்டுப் பேர் சேர்ந்து இழுக்கும்போது ஒவ்வொருவரும் தனியாக இழுத்திருக்கக்கூடியதில் ஏறக்குறையப் பாதியைத்தான் இழுத்தார்கள் என்று வருகிறது. ஆகவே ஆறு பேரை மொத்தக் கூட்டத்தில் சேர்க்காதீர்கள். உங்களிடம் அடுப்பு மூன்று இருக்கிறது. அடுப்புக்கு நான்கு பேர் என்று பிரித்து, தோல் உரிப்பதிலிருந்து ஆற வைப்பது வரை அந்த நால்வர் பொறுப்பு என்று விடுங்கள். மீதி இருவர் பொதியும் வண்டியும் பார்க்கட்டும். புதிதாக வருகிறவர் ஓர் அடுப்புக்கு வந்து சேரட்டும், உங்களிடம் வேண்டாம்.

மருமகனை மாஸ்டருக்கு மேலே வைத்தது தவறு என்றே நினைக்கிறேன். அதற்காக மாஸ்டரை மேற்பார்வையாளர் ஆக்கிவிடவும் வேண்டாம். நான் என் மிகச் சிறந்த கடைசல்காரரை ஃபோர்மேன் ஆக்கி, ஒரே நாளில் நல்ல கடைசல்காரரை இழந்து சுமாரான ஃபோர்மேனைப் பெற்றவன்.

தூத்தூர் கடலோடி

கோணத்து அண்ணன் எழுதியது எல்லாம் சரி, ஆனால் அவ்வளவு நீளத்தில் கூலியைப் பற்றி ஒரு வரி இல்லை. நான் ஆழ்கடல் விசைப்படகில் பதினெட்டு ஆண்டு போய்வந்தவன், இப்போது கரையில் ஐஸ் வியாபாரம் செய்கிறேன். எங்கள் படகுகளில் பத்துப் பன்னிரண்டு பேர் வாரக்கணக்கில் கடலில் கிடப்போம். ஐஸ் அறையின் மூடி சரியாக அடையாமல் இருந்தால், யாருடைய முறை என்று பார்க்காமல் கண்ணில் பட்டவன் எழுந்து போய் அடைப்பான். அதற்கு யாரும் வகுப்பு எடுத்ததில்லை. மீன் கெட்டால் தன் பங்கும் கெடும் என்பது அவனுக்குத் தெரியும்.

கரைக்கு வந்ததும் ஏலம் போகும். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவெல்லாம் முதலில் கழியும். மீதியைப் படகுக்கு ஒரு பாகம், ஆட்களுக்கு ஒரு பாகம் என்று பிரிப்பார்கள். அந்த வீதம் படகுக்குப் படகு வேறுபடும். ஆட்களின் பாகம் தலைக்குச் சமமாகப் பிரியும், படகை ஓட்டும் ஸ்ராங்குக்கு மட்டும் முதலாளி தனியாகக் கூட்டிக் கொடுப்பார். இதில் என் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவது பங்கின் அளவைவிட, கணக்கு வெளிப்படையாக இருப்பதுதான். ஏலம் எல்லார் காதிலும் விழுகிறது; மீன் என்ன விலைக்குப் போனது என்று சமையல் பார்க்கும் பையனுக்கும் தெரியும். உங்கள் கொட்டகையில் வற்றல் கிலோ என்ன விலைக்குப் போகிறது, திரும்பி வந்த 90 கிலோவால் எவ்வளவு நட்டம் என்று காய் சீவுகிறவர்களுக்குத் தெரியுமா? தெரியாது என்றால், எண்ணெய் அவர்களுக்கு உங்கள் எண்ணெயாகத்தான் இருக்கும்.

அதற்காகக் கூலியை அப்படியே பங்காக மாற்றிவிடாதீர்கள். மீன் படாத பயணத்தில் வீட்டில் அடுப்பு எரியாது என்பது எங்களுக்குத்தான் தெரியும். குறைந்தபட்சக் கூலி எந்த நிலையிலும் குறையக் கூடாது, பங்கு அதற்கு மேலே வர வேண்டும். சரக்குத் திரும்பாத மாதத்தில் மிச்சமாகும் தொகையிலிருந்து அடுப்புக்கு இவ்வளவு என்று கொடுத்துப் பாருங்கள்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. முன்பணம் கொடுத்து ஆளைப் பிடித்து வைக்காதீர்கள். எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம், அதனால்தான் சொல்கிறேன். கடனுக்காகப் படகில் ஏறுகிறவன் உடம்பால் உடன் இருப்பான், மனதால் உங்களோடு இருக்க மாட்டான்.

குலசேகரம் தேன்பெட்டி

தூத்தூர்த் தம்பி சொன்ன ஒன்றில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. சரக்குத் திரும்பாததற்குப் பரிசு என்று வைத்தால், திரும்பிய சரக்கை மறைப்பதற்கும் அதே பரிசு கிடைக்கும். பொதியில் இருக்கும் பெண் காறல் வாடையை முகர்ந்தும் வாய் திறக்க மாட்டாள், ஏனென்றால் அவள் வாய் திறந்தால் நான்கு பேரின் பணம் போகும்.

இதை நான் தேனீயிடமிருந்து கற்றேன். 1990-களின் தொடக்கத்தில் தென்னிந்தியா முழுவதும் சாக்புரூட் என்ற நச்சுயிரி நோய் பரவி, நம் இந்தியத் தேனீக் கூட்டங்களில் மிகப் பெரும்பகுதி அழிந்தது. புழு பை போல ஊதி அறையிலேயே சாகும். அப்போது எங்கள் அப்பாவிடம் நான்கு ஆட்கள் இருந்தார்கள், பெட்டிகளை ரப்பர்த் தோட்டங்களில் வெவ்வேறு இடங்களில் வைத்திருந்தார். கூட்டம் குறைந்தால் அப்பா கத்துவார் என்று பயந்து, நோய் கண்ட பெட்டிகளின் அடைகளை எடுத்து நல்ல பெட்டிகளில் செருகி எண்ணிக்கையை ஒப்பேற்றினார் ஒருவர். மறைத்தது பத்துப் பன்னிரண்டு பெட்டியின் நோயை, போனது எங்கள் பெட்டிகள் எல்லாம். நோய் எப்படியும் வந்திருக்கும் என்று அப்பா பிற்காலத்தில் சொல்வார். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அந்த மனிதர் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வியை அவர் கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஏமி எட்மண்ட்சன் என்ற ஹார்வர்டு ஆய்வாளர் 1990-களில் மருத்துவமனைப் பிரிவுகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தபோது, நல்ல குழு என்று மதிப்பிடப்பட்ட பிரிவுகளில்தான் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. முதலில் அவருக்கே அது விளங்கவில்லை. அந்தப் பிரிவுகளில் தவறுகள் அதிகம் நடக்கவில்லை, நடந்தவற்றை அச்சமின்றிச் சொன்னார்கள் என்பதைப் பிறகுதான் கண்டுகொண்டார். உங்கள் கொட்டகையில் கடந்த மாதம் எத்தனை தவறுகள் உங்கள் காதுக்கு வந்தன என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றுமே வரவில்லை என்றால் கவலைப்படுங்கள்.

எனவே முதலில் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. டின் சாய்ந்த நாளில் மாஸ்டரைக் கடிந்தது எல்லார் முன்னிலையிலும் அல்லவா? வருத்தம் தெரிவிப்பதும் அதே கொட்டகையில், அதே ஆட்கள் முன்னிலையில் நடக்க வேண்டும். தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால் அவருக்கு மட்டும் மனம் ஆறும், பார்த்துக்கொண்டிருந்த பன்னிரண்டு பேரின் பயம் அப்படியே இருக்கும். பங்கு கொடுப்பதாக இருந்தால் மொத்த விற்பனையை ஒட்டிக் கொடுங்கள், தவறுகளின் எண்ணிக்கையோடு அதை முடிச்சுப் போட வேண்டாம்.

தக்கலை கணக்கர்

சுருக்கமாக இரண்டு செய்திகள். பத்துப் பேரைத் தாண்டிவிட்டதால், மாத ஊதியம் 21,000 ரூபாய் வரை பெறுகிறவர்களுக்கு இ.எஸ்.ஐ. (நோய்க்காலத்தில் மருத்துவமும் பண உதவியும் தரும் தொழிலாளர் அரசுக் காப்பீடு) பதிவு செய்ய வேண்டிய நிலைக்கு நீங்கள் வந்திருப்பீர்கள். முதலாளியின் பங்கு 3.25 சதவீதம், தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம். இருபது பேர் ஆகும்போது வருங்கால வைப்பு நிதியும் சேரும், உங்கள் ஆறு பேர் கணக்கு சரியாக அந்த எல்லையில்தான் வந்து நிற்கிறது. மேலும், பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு அமைக்க வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பெண்கள் அதிகம் உள்ள இடம், தள்ளிப் போடாதீர்கள். பெரிய உத்திகளைப் பேசுவதற்கு முன், காய்ச்சல் வந்தால் கூலி போகுமே என்ற பயம் தீர வேண்டும் அல்லவா?

கருங்கல் வற்றல்காரி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். தேன்பெட்டி அக்கா சொன்னபடி முதலில் வருத்தம் தெரிவித்தேன். காலைத் தேநீர் நேரத்தில், எழுதி வைத்திருந்த நான்கு வாக்கியங்களில் இரண்டைச் சொல்வதற்குள் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. மாஸ்டர் குனிந்து தேநீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, காய் கறுத்துப் போகும், வாருங்கள்" என்று அவர்தான் எழுந்தார்.

அடுப்புக்கு நான்கு பேர் என்று பிரித்தாயிற்று. சோதனைப் பட்டையும் வாங்கினேன். இரண்டாம் நாளே மாஸ்டர் பட்டையைப் பாராமல், கண்ணாலேயே முடிவு செய்து ஒரு முழு டின் எண்ணெயை இறக்கிவிட்டார். பிறகு பட்டையை நனைத்துப் பார்த்தால் இன்னும் ஒரு நாள் ஓடியிருக்கும் என்று காட்டியது. கோணத்து அண்ணாச்சி சொன்ன அந்தக் கடினமான நாள் எனக்கு இவ்வளவு சீக்கிரம் வரும் என்று நினைக்கவில்லை. ஒன்றும் சொல்லாமல் வாழைத்தோட்டம் வரை நடந்து போய்த் திரும்பி வந்தேன். அதற்கு அடுத்த வாரம் முதல் அவரே பட்டையை நனைத்துப் பார்த்துவிட்டு, கரித்துண்டால் சுவரில் தேதி போடத் தொடங்கிவிட்டார். பொதியில் இருக்கும் பெண்ணும் ஒரு நாள் ஒரு தட்டு வற்றல் நமுத்திருக்கிறது என்று தானாகவே எடுத்து வைத்தாள்.

மருமகன் இப்போது வண்டி, கடை பாக்கி, இ.எஸ்.ஐ. பதிவு ஆகியவற்றைப் பார்க்கிறான். அடுப்புப் பக்கம் போவதில்லை, இருவருக்கும் நிம்மதி. விலைக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிப் போட்டதில்தான் எதிர்பாராத சிக்கல் வந்தது. லாபம் இவ்வளவா என்று இரண்டு பெண்கள் கூலி உயர்வு கேட்டிருக்கிறார்கள். கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஓணத்துக்குப் பிறகு பேசலாம் என்றுதான் சொல்லியிருக்கிறேன், நாள் குறிக்கவில்லை.

ஒன்றை மட்டும் என்னால் கைவிட முடியவில்லை. மார்த்தாண்டம் சந்தையில் குலை எடுப்பதை இன்னும் நானேதான் செய்கிறேன். காய் முற்றாமல் இருந்தாலோ பழுக்கத் தொடங்கியிருந்தாலோ வற்றல் கெட்டுவிடும், விலையும் வாரத்துக்கு வாரம் மாறுகிறது. இதையும் விட்டுவிட வேண்டுமா?

கோணம் பட்டறை

இந்த ஓணம் முடியும் வரை நீங்களே வாங்குங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கைமாற்றினால் எது எதனால் கெட்டது என்று தெரியாமல் போகும். ஆனால் தனியாகப் போக வேண்டாம். அடுத்த சந்தையிலிருந்து ஒவ்வோர் அடுப்பிலிருந்தும் ஒருவரை முறை வைத்துக் கூட்டிப் போங்கள். நீங்கள் குலையைத் தட்டிப் பார்ப்பதற்கு முன், இதை எடுக்கலாமா என்று அவரிடம் கேளுங்கள். அவர் சொல்லி முடித்த பிறகு உங்கள் முடிவைச் சொல்லுங்கள். யாருடைய பதில் உங்கள் பதிலோடு அதிகம் ஒத்துப் போகிறது என்று இரண்டு மாதத்தில் தெரிந்துவிடும். அது மாஸ்டராக இல்லாமலும் போகலாம், அதற்கும் தயாராக இருங்கள். கூலி உயர்வுப் பேச்சுக்கு மட்டும் இன்றைக்கே ஒரு தேதியைச் சொல்லிவிடுங்கள்; அதே கரும்பலகையில், விலைக் கணக்குக்குக் கீழே எழுதினாலும் போதும்.